பின்பக்க இடது ஸ்பீக்கர்

எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது. அதற்கு ஜன்னல் கிடையாது. இருந்த ஜன்னலை நான்தான் செங்கல் வைத்து அடைத்தேன். உப்புக்காற்று ஸ்பீக்கர்களை அரித்துவிடும் என்பது ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போய்விடுவார் என்பது இன்னொரு காரணம். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் அடிச்சத்தத்துக்கு ஒரு பெரிய பெட்டி. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால்தான் எல்லாச் சத்தமும் அதனதன் இடத்தில் விழும். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாலும் போச்சு.

நான் சிவபாலன், தூத்துக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். பெயிண்ட் கடைக்காரனுக்கு ஹெவி மெட்டல் பாட்டு எதற்கு என்று கேட்காத சொந்தக்காரன் எனக்குக் கிடையாது. ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். தகர டப்பாவை உருட்டுகிற இரைச்சல் என்பார்கள். சாதாரணமாகக் கேட்டால் இரைச்சல்தான், நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்தால் இரைச்சல் பிரியும். ஒரு கிடார் வலது தோள் பக்கம் நிற்கும், இன்னொன்று முதுகுக்குப் பின்னால் நிற்கும், டிரம்ஸ் முன்னால் பரந்து கிடக்கும், பாடுகிறவன் மூச்சை இழுப்பது பிடரியில் கேட்கும். எழுந்து அவர்களுக்கு நடுவே நடந்துவிட்டு வரலாம் போல இருக்கும். கடன்காரன், கஸ்டமர், சொந்தம் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் என் வாழ்க்கையில், வேறு எதுவும் எனக்கு அப்படிப் பிரிந்து நின்றதில்லை.

ஷாம் என் கூட்டாளி. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறான். இந்த ஊரில் ஹெவி மெட்டலை நாலாபக்கமும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கிற ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவதாக யாராவது இருந்தால் வந்து என்னோடு சண்டை போடட்டும். முன்பு என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

எங்களுக்குள் சில சட்டங்கள் உண்டு. ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்தால் மற்றவன் பின்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார வேண்டும். தரையில் இருப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. ஆல்பம் முடிந்ததும் இடம் மாறி, முதலிலிருந்து இன்னொரு தடவை. புது ஆல்பம் வாங்கினால் அதைப்பற்றி யார் எழுதியதையும் முன்கூட்டியே படிக்கக் கூடாது. எந்தச் சத்தம் எங்கே நிற்கிறது என்பதை அவரவர் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

போன சித்திரை மாதம் ஒரு ப்ளூரே தகடு வந்தது. ஃபின்லாந்து நாட்டு ஆட்களின் ஆல்பம். பேரைச் சொல்லவில்லை, சொன்னால் ஏதோ மாத்திரைப் பேர் என்று நினைப்பீர்கள். காலேஜ் காலத்தில் எம்பி3 சிடியில் போட்டுத் தேய்த்த அதே ஆல்பத்தை இப்போது ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பாட்டெல்லாம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் எதை எங்கே வைத்திருப்பார்கள் என்பதுதான் எங்கள் பல வருட விவாதம். முக்கியமாகக் கடைசிப் பாட்டு. அதில் பாதிக்கு மேல் எல்லா வாத்தியமும் நின்றுபோய், ஒரு பேஸ் கிடாரும் ஒரு குரலும் மட்டும் மிச்சமிருக்கும். செத்துப்போன தம்பியைக் கூப்பிடுகிற குரல் அது. அதை எங்கே வைப்பார்கள்?

"முன்னாடி நடுவுலதான் மாப்ள. பாடுதவன் நம்ம மூஞ்சிக்கு நேரதான் நிப்பான்" என்பான் ஷாம்.

"போலே. பின்னாடிதான். அவன் நம்மளத் தாண்டிப் போயிட்டான், அங்கன நின்னு கூப்பிடுதான். திரும்பிப் பாத்தா ஆள் இருக்க மாட்டான். அதுவும் இடது பக்கம் பின்னாடி."

"அது என்னலே, இடது பக்கம்னு அவ்வளவு உறுதியாச் சொல்லுத?"

காரணம் எனக்கும் தெரியாது. கூப்பிடுகிற சத்தம் எப்போதும் இடது பக்கத்திலிருந்துதான் வரும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் எண்ணம்.

தகடு வந்த அன்று நான் நாற்காலியில், ஷாம் தரையில். முதல் பாதிதான் ஓடியிருக்கும். கீழேயிருந்து அம்மாவின் சத்தம்.

"ஏய்யா சிவபாலா! நல்ல நேரம் போவுது. காப்புக் கட்டுதவன் இப்பிடியா கடைசியில வந்து நிப்பான்?"

அன்றைக்கு ஊருக்குப் போக வேண்டும். வேம்பார் போகிற கடற்கரை ரோட்டிலிருந்து பனங்காட்டுக்குள் இறங்கினால் எங்கள் ஊர். அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழா. என் மகள் பிறந்தபோது மனைவி பானுப்ரியாவுக்கு மிகவும் மோசமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அம்மா நேர்ந்துகொண்டாள், இரண்டு உயிரும் பிழைத்தால் என் மகன் தீச்சட்டி எடுப்பான் என்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா பேர் சீனித்தாய். சீனிக்கும் அவளுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. பாப்பாவுக்கு ஏழு வயதாகும்வரை நான் இழுத்தடித்தேன். இந்த வருடம் முடியவில்லை.

நான் தகட்டைப் பாதியில் நிறுத்தினேன்.

"மாப்ள, நீ வர வரைக்கும் தகட்ட எங்கிட்ட குடேன்" என்றான் ஷாம்.

"ஆளைப் பாரு. மீதிய நான் வந்தப்புறம் சேந்து கேப்போம். எங்க ஓடிறப் போவுது?"

அந்த அறையில் இரண்டு காதாலும் நான் கடைசியாகக் கேட்ட பாட்டு எது என்று எனக்குத் தெரியும். அந்த ஆல்பத்தின் நாலாவது பாட்டு. அதிலும் கடைசிக் கொஞ்சம் பாக்கி.

காப்பு என்பது ஒரு மஞ்சள் கயிறு. அதை மணிக்கட்டில் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கோயில் பக்கத்துக் கொட்டகையில்தான் படுக்கை. எங்கள் ஊரில் கொடைக்கு எட்டு நாள் முன்னால் கட்டுவார்கள். கொடை முடிந்து மறு செவ்வாய், எட்டாம் கொடை அன்றுதான் அவிழ்ப்பார்கள். கடையைச் சம்பளத்துக்கு நிற்கிற பையனிடமும் அம்மனிடமும் ஒப்படைத்துவிட்டு நான் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்க் கொடை என்றால் முதலில் ரேடியோ செட்டுதான். நாலு பனையில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். நாலிலும் ஒரே சத்தம். நான் சும்மா இருக்காமல் செட்டுக்காரனிடம் போய், ஒவ்வொரு குழாயிலும் வேறு வேறு சத்தம் வருகிற மாதிரி உலகத்தில் ஒரு முறை இருக்கிறது தெரியுமா என்று பெருமை அடித்தேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணாச்சி, முன்னால நிக்கவனுக்கு ஒண்ணு, பின்னால நிக்கவனுக்கு ஒண்ணுன்னு போட்டா கொடைக்கு வரி குடுத்தவன் சும்மா இருப்பானா? எல்லாருக்கும் ஒரே சத்தம், எல்லாக் குழாய்லயும் முழுச்சத்தம். அதுதான் நியாயம்."

நான் சிரித்தேன். இதை ஷாமிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம் என்று மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. உள்ளே ஒரு வண்டு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. தலை லேசாகச் சுற்றியது. பக்கத்துப் பாயில் படுத்திருந்தவனிடம், காது அடைக்கிறது என்று சொன்னேன். அவன் மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தான்.

"கொடையில யாருக்குலே காது அடைக்காம இருக்கு? எனக்குந்தான் அடைக்கி. டவுனுக்காரனுக்கு மட்டும் தனிக் காதா?"

உண்மைதான். கொடை நாளில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் காது அடைத்திருக்கும். ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொள்வார்கள், கொடை முடிந்து நாலு நாளில் சரியாகிவிடும். அதனால் அந்த ஊரில் காதடைப்பு ஒரு நோயே இல்லை. வெயிலில் வியர்க்கிற மாதிரி அதுவும் ஒன்று. அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். நானும் நம்பினேன். சத்தத்தையே தொழில் மாதிரி கேட்டவன், நானே நம்பினேன்.

மறுநாள் ஷாம் போன் செய்தான். நான் போனை வலது காதில் வைத்தபடி சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன்.

"ஒரு பக்கம் மட்டுமா அடைச்சிருக்கு?" என்றான்.

"ஆமா."

"குழாய்ச் சத்தம்னா ரெண்டு பக்கமும்லா அடைக்கணும்? ஹெட்செட்ட மாட்டிப் பாரு மாப்ள. இப்பவே."

மாட்டிப் பார்த்தேன். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. ஹெட்செட்டைத் திருப்பி மாட்டினேன். அதே இடது குமிழ் வலது காதில் ஜம்மென்று பாடியது. திருப்பித் திருப்பி மாட்டினேன். கொட்டகையில் இருந்தவர்கள் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பயம் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஷாம் மதியத்துக்குள் பைக்கில் வந்து நின்றான். ஊருக்குள் வராமல் எல்லையிலேயே நின்று என்னைக் கூப்பிட்டு விட்டான். அவன் ஏற்கெனவே ஒரு காது டாக்டரிடம் பேசியிருந்தான். திடீரென்று ஒரு காது போனால் அது அவசரம், உடனே வந்தால் மருந்தில் திரும்ப வாய்ப்பு இருக்கிறது, தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது சுகரை ஏற்றுகிற மருந்து, எனக்குச் சுகர் இருப்பதால் நேரில் பார்க்காமல் அந்த மருந்தை எழுதித் தர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

"வண்டியில ஏறு மாப்ள. பாத்துட்டு சாயந்தரம் கொண்டாந்து விட்டுருதேன்."

அதற்குள் கோயில் நிர்வாகி பால்துரை அண்ணாச்சி வந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"தம்பி, நான் உன்னப் புடிச்சு வைக்கல. போறதுன்னா காப்ப அவுத்து அம்மன் காலடியில வச்சிட்டுப் போ. ஆனா சட்டி எடுக்கேன்னு நேந்துட்டு நடுவுல அவுத்தவன் நம்மூர்ல இதுவரைக்கும் கிடையாது. அதுக்கப்புறம் என்ன நடந்தாலும் எங்களக் கேக்கக் கூடாது."

நான் காப்பில் கை வைத்தேன். அறுத்துவிடுவது என்றுதான் வைத்தேன்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் அறுத்திருப்பேன். பானுப்ரியாவும் பாப்பாவும் முந்தின நாள்தான் ஊருக்கு வந்திருந்தார்கள். பாப்பா வேப்பமரத்தடியில் மற்றப் பிள்ளைகளோடு ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அறுத்துக்கய்யா. உன் காதுதான. ஆனா இது உனக்காவ நேந்தது இல்ல. அவளுக்காவ நேந்தது."

நான் பானுப்ரியாவைப் பார்த்தேன். அவள் எம்.எஸ்சி. படித்தவள், கோயில் விஷயத்தில் அம்மாவோடு ஒத்துப்போகாதவள். 'போயிட்டு வாங்க' என்று அவள் சொன்னால் போயிருப்பேன். அவள் வாயைத் திறந்தாள், பாப்பாவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

எனக்கு அம்மன்மேல் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் தெரியாது. பயம் இருந்தது. மறுநாளே பாப்பாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் நான் இந்தக் கையைத்தான் பார்ப்பேன், இந்தக் காதைத்தான் நினைப்பேன். அந்தக் கணக்கில் என் காது தோற்றது. எந்த அப்பனும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பான்.

ஷாமுக்கு இது புரியவில்லை. "பைத்தியமாலே உனக்கு? அந்த ரூமக் கட்டுனவன் நீதானலே!" என்று எல்லையில் நின்று கத்தினான். ஹெல்மெட்டைத் தூக்கித் தரையில் அடித்தான். பிறகு அதைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு போய்விட்டான். பைக் சத்தம் எந்தத் திசையில் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கொடை அன்று தீச்சட்டி எடுத்தேன். முன்னால் மேளம், பின்னால் மேளம், ஒரு பக்கம் நையாண்டி மேளக்காரர்கள், இன்னொரு பக்கம் குலவை போடுகிற பெண்கள். என்னை நடுவில் விட்டு நாலாபக்கமும் சத்தம் சுற்றி நின்றது. வாழ்நாளெல்லாம் காசைக் கொட்டி ஓர் அறைக்குள் நான் கட்டப் பார்த்ததை, அன்று ஊரே சேர்ந்து நிஜமாக எனக்குக் கட்டிக்கொடுத்தது. எல்லாம் என் வலது காதில் வந்து ஒரே குவியலாக விழுந்தது. நான் அழுதேன். பக்தி என்று நினைத்து என் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள்.

காப்பு அவிழ்த்த அன்றே டாக்டரிடம் போனேன். இளவயதுப் பெண் டாக்டர், கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதனை செய்தார். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எங்க ஊர்லயும் காப்புக் கட்டுனா தாண்ட மாட்டாங்க" என்றார். அவ்வளவுதான். அந்தம்மா திட்டியிருக்கலாம்.

மாத்திரை கொடுத்தார்கள். செவிப்பறைக்குள் ஊசி போட்டார்கள். சுகர் எகிறியது, காது அசையவில்லை. முதலிலேயே வந்திருந்தால் திரும்பியிருக்குமா என்று கேட்டேன். திரும்பியிருக்கலாம், திரும்பாமலும் போயிருக்கலாம் என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? யாரைத் திட்டுவான்?

ஒரு காது இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கேட்கிறது. ஆனால் எங்கிருந்து என்று சொல்ல இரண்டு காது வேண்டும். இப்போது உலகத்துச் சத்தமெல்லாம் என் வலது காது வாசலில் வந்து நிற்கிறது. துறைமுக ரோட்டைக் கடக்கும்போது கன்டெய்னர் லாரியின் ஹாரன் கேட்கும், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நடுரோட்டில் நிற்பேன். கடையில் இடப்பக்கமிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு நான் திமிர் பிடித்தவன். வீட்டில் பாப்பா, "அப்பா, நான் எங்க இருக்கேன் சொல்லுங்க" என்று கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவாள். முன்பு ஒரே எட்டில் பிடித்துவிடுவேன். இப்போது வீடு முழுக்கத் தேடுகிறேன். நான் விளையாட்டுக்காகத் தேடுகிறேன் என்று நினைத்து அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பும் வலது பக்கத்திலிருந்துதான் வருகிறது.

ஆவணியில் அம்மா ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே வெள்ளித் தகட்டில் அடித்த இரண்டு காது. அடுத்த கொடைக்கு அம்மனுக்குக் காணிக்கை போடுவதற்கு.

"போனது ஒண்ணுதான? எதுக்கு ரெண்டு?" என்றேன்.

"கடையில ஒத்தக் காது விக்க மாட்டாவளாம்யா. ஜோடியாத்தான் குடுப்பாவளாம்."

"இருக்க காதையும் கேக்குதாளா உன் அம்மன்? அதையும் குடுத்துட்டு செவிடனாட்டம் உக்காரட்டா?"

வாழ்நாளில் அம்மாவிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. அவள் பொட்டலத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் அழவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து தன் இரண்டு காதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

மாடி அறையை நான் திறக்கவில்லை. ஷாமும் வருவதைக் குறைத்துக்கொண்டான். வந்தாலும் கடையில் நின்று கப்பல், லாரி, மழை என்று பேசிவிட்டுப் போவான். பாட்டைப்பற்றி மூச்சு விடமாட்டான். எனக்கு வலது பக்கமாக வந்து நின்றுகொள்வான். அந்தக் கவனம்தான் என்னைக் கொன்றது.

ஆனால் தகடு இன்னும் பிளேயருக்குள்ளேயே இருந்தது, நாலாவது பாட்டில் நின்றபடி. அது எனக்கு ராத்திரி பகல் தெரிந்துகொண்டே இருந்தது. கடைசிப் பாட்டில் அந்தக் குரல் எங்கே நிற்கிறது என்று இந்த உலகத்தில் யார் யாருக்கோ தெரியும், எனக்குத் தெரியாது. இணையத்தில் தேடினால் எவனாவது எழுதியிருப்பான். தேடவில்லை. சட்டம் சட்டம்தான். யாரோ முகம் தெரியாதவன் சொல்லி நான் அதைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷாமுக்குப் போன் செய்தேன்.

"வா. மீதிய முடிச்சிருவோம்."

அவன் வாயைத் திறப்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

"நீ நாற்காலியில உக்காரு. எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு எனக்குச் சொல்லு. உன் காதால கேட்டுக்கிடுதேன். எனக்கு அது போதும் மாப்ள."

வந்தான். அறையைத் திறந்தேன். உள்ளே சூடும் தூசியும். ஸ்பீக்கர்களின் துணி மூடியைக் கழற்றித் துடைத்தேன். ஷாம் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன். நான் பின்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன், பின்பக்க இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். செத்த காது அதன் பக்கம். சும்மாதான் அங்கே உட்கார்ந்தேன், வேறு இடமில்லை. சுவர் ஓரமாக ஸ்டாண்டில் நின்ற ஸ்பீக்கரின் கருப்புக் கூம்பில் என் உள்ளங்கை தானாகப் போய்ப் படிந்தது. முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்த ஷாமுக்கு அது தெரியாது.

போட்டேன்.

"டிரம்ஸ் முன்னாடி, பரந்து கிடக்கு" என்றான். "ஒரு கிடார் வலது பின்னாடி. இப்ப இன்னொண்ணு இடது பின்னாடி வந்துட்டு."

ஆமாம், என் உள்ளங்கையில் கூம்பு அதிர்ந்தது. அவன் சொன்னதும் கை சொன்னதும் ஒன்றாக இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. "பலே, இப்ப?" என்றேன். "இப்ப ரெண்டும் சண்டை போடுது மாப்ள, ஒண்ணு மாத்தி ஒண்ணு, நம்ம தலைக்கு மேல தூக்கித் தூக்கிப் போடுதானுவ." பழைய ஷாமின் குரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலது காதில் விழுந்த குவியலை அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தேன். வைக்க முடிந்தது. இந்த ஒரு வழியாவது மிச்சமிருக்கிறதே என்று நினைத்தேன். வாரம் ஒரு ஆல்பம் இவனை உட்கார வைத்துக் கேட்டால் போதும், நான் பிழைத்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

கடைசிப் பாட்டு வந்தது. ஷாமின் பேச்சு குறைந்தது. பாதிக்கு மேல், எனக்குத் தெரிந்த அந்த இடத்தில், எல்லா வாத்தியமும் நின்றது. கூம்பும் என் கைக்கு அடியில் நின்றது. பிறகு அந்த பேஸ் கிடார், அதன்மேல் அந்தக் குரல்.

கண்ணைத் திறந்தேன். ஷாமின் தலை இடது பக்கமாகப் பின்னால் திரும்பத் தொடங்கியிருந்தது, யாரோ கூப்பிட்டால் திரும்புவது போல. பாதியில் நிறுத்திக்கொண்டான். கழுத்தை நேராக்கினான். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தான்.

"எங்கன மாப்ள?" என்றேன்.

அவன் முன் ஸ்பீக்கரையே பார்த்தபடி சொன்னான்.

"முன்னாடிதான். நடுவுல. நான் சொன்னதுதான்."

"பின்னாடி?"

"பின்னாடி ஒண்ணுமே இல்ல மாப்ள. சும்மா கிடக்கு. சாதா ரெண்டு ஸ்பீக்கர்ல கேட்ட மாதிரிதான் இருக்கு. ஏமாத்திட்டானுவ." திரும்பாமலே சேர்த்தான். "நீ பெருசா ஒண்ணும் விட்டுறல மாப்ள. சத்தியமா."

என் உள்ளங்கைக்குள் கூம்பு துடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு துடிப்பு, நடுவில் மூச்சு இழுக்கிற இடத்தில் ஒரு நிறுத்தம், மறுபடி துடிப்பு. நான் இத்தனை வருடமாகச் சொன்ன அதே இடத்தில், பின்னால், இடது பக்கம், என் செத்த காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்று பாடுகிறவன் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஷாம் நல்லதற்குத்தான் சொன்னான் என்று எனக்குத் தெரியும். என் கூட்டாளிகளில் அவனைப்போல ஒருத்தன் கிடையாது. இனிமேல் அவன் சொல்லுகிற எதையும் நான் நம்ப முடியாது, அவ்வளவுதான். எனக்கு வலிக்கும் என்று தோன்றுகிற இடத்திலெல்லாம் அவன் எடுத்து வேறு இடத்தில் வைப்பான். கையை எடுத்துக் காட்டி, பொய் சொல்லுதியாலே என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் அழுவான், பிறகு நான் அவனைத் தேற்ற வேண்டும். என்னிடம் அதற்குத் தெம்பில்லை.

"ஏமாத்துக்காரப் பயலுவ" என்றேன்.

பாட்டு முடிந்தது. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கீழேயிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். பாப்பாவாக இருக்கும். நான் வலது பக்கம் திரும்பினேன். அங்கே செங்கல் வைத்து அடைத்த ஜன்னல் இருந்தது.